ஜன்னலோரக் கட்டில் மிருதுளா

பேர் சொல்லி ஜெபிக்க ஒருத்தரும் இல்லாதவள் உபவாசக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது, பந்தியில் இலை போடாத இடத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி. எழுந்து போகவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. கோகிலவாணி அப்படி ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. கீழே பெயிண்ட் டப்பாவும் பைப்பும் அடுக்கியிருக்கும். மேலே தகரக் கூரை போட்டு ஒரு சிறிய சபை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே பெண்கள் உபவாச ஜெபம். பதினைந்து பேர் பாயில் வட்டமாக உட்காருவார்கள். மெர்வினம்மா, அதாவது மெர்வின் என்கிற பையனுக்கு அம்மா, அவள்தான் கூட்டத்துக்குத் தலைவி. நீளமான நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தரையாகக் கேட்பாள்.

"உங்க ஜெபக்குறிப்பு சிஸ்டர்?"

ஒருத்தி மகனுடைய விசா என்பாள். ஒருத்தி மகளுக்கு வரன் என்பாள். இன்னொருத்தி புருஷனுக்குச் சர்க்கரை, கால் புண் ஆறவில்லை என்பாள். மெர்வினம்மா எழுதிக்கொள்வாள். பிறகு ஒவ்வொரு பேரையும் சொல்லி எல்லாரும் சத்தமாக ஜெபிப்பார்கள். அடுத்த வாரம் "இன்னா ஆச்சு, விசா வந்துச்சா?" என்று அக்கறையாகக் கேட்பார்கள். கோகிலவாணியின் முறை வரும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல சிஸ்டர், ஸ்தோத்திரம் மட்டும்" என்பாள். அவள் பேருக்கு எதிரே நோட்டில் அது ஒன்றுதான் இருக்கும். ஸ்தோத்திரம். தேவனுக்கு நன்றி, அவ்வளவுதான். அதற்கு அடுத்த வாரம் யார் வந்து என்ன கேட்பார்கள்?

அவளுக்கு மட்டும் ஏன் ஆளில்லை என்றால், புருஷன் சம்பத் லேத் பட்டறையில் வேலை செய்தவன், ஏழு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அந்தத் துக்கத்தில் யாரோ கையைப் பிடித்து இந்தச் சபைக்கு அழைத்துவந்தார்கள். இவள் ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டாள். அந்த ஆடியில் அண்ணன் வீட்டில் கூழ் ஊற்றினபோது இவள் வாங்கிக் குடிக்கவில்லை. அண்ணி சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "எங்க சாமிக் கூழு ஆவாதுன்னா எங்க வூட்டுச் சோறும் ஆவாது, போ" என்றாள். அன்றோடு போக்குவரத்து நின்றது. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள், முட்டி போனபிறகு சிட்லபாக்கத்தில் ஒரே ஒரு அறை வாடகைக்கு எடுத்து, புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் காலம் தள்ளினாள்.

காலையிலிருந்து ஊசியும் நூலும். சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் அந்த அறையில் இன்னொரு மனுஷ முகம் தெரியும். அது மிருதுளாவின் முகம். டிவி சீரியலில் வருகிற பெண்.

டிவி பார்க்கிறவர்களைக் குறை சொல்லுகிறவர்கள், முதலில் அந்த அறையில் அந்த ஏழு மணிக்குத் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் பேசட்டும்.

மிருதுளாவுக்கும் யாருமில்லை. புருஷன் கைவிட்டுவிட்டான், மாமியார் சொத்துக்கு அலைகிறாள். பக்கத்துப் போர்ஷனில் இருக்கிற சபீஹாவும் அதே சீரியல்தான் பார்ப்பாள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். விளம்பரம் வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

"க்கா, பாத்தியா அந்த மாமியாக்காரிய! வெஷம், வெஷம்!"

"நாசமாப் போவா பாரு," என்று சொல்லிவிட்டு கோகிலவாணி உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். விசுவாசி சபிக்கக்கூடாது.

சபையின் போதகர் ஆரோன் நல்ல மனுஷன். பழைய ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ஜெபிப்பவர். சொந்த வீடு இல்லை, பிறத்தியார் காசுக்கு ஆசையும் இல்லை. பிரசங்கத்தில் கதை சொன்னால் கேட்கிறவர்களுக்கு மனசு உருகிவிடும். ஒருமுறை, வீட்டை விட்டு ஓடிப்போன ஒரு வாலிபனைப் பற்றிச் சொன்னார். அவனுடைய தாய் தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காத்திருந்து காத்திருந்து படுக்கையில் விழுந்தாள் என்றார். கோகிலவாணி முந்தானை நனைய அழுதாள். கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு மெதுவாக அவரிடம் போய்க் கேட்டாள்.

"அந்தப் பையன் வூட்டுக்கு வந்துட்டானா பாஸ்டர்? அவங்கம்மாவுக்கு இப்ப ஒடம்பு எப்பிடி கீது?"

ஆரோன் விழித்தார். "அது ஒரு உதாரணம் சிஸ்டர்."

"உதாரணம்னா?"

"சும்மா சொன்னது. அப்படி ஒரு பையன் கிடையாது."

அவளுக்கு ஒரு வாரம் அவர்மேல் கோபம். இல்லாதவனுக்கா அவ்வளவு அழுதோம் என்று.

இந்த ஆரோன்தான் போன வருஷம், நாற்பது நாள் உபவாசம் தொடங்கின ஞாயிற்றுக்கிழமை, டிவியைப் பற்றிப் பேசினார். "வாசல்ல யாராவது பெல் அடிச்சா ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான கதவத் தெறக்கறீங்க? ஏழு மணிக்கு மட்டும் ஏன் அகலத் தெறந்து வெக்கறீங்க? உள்ள வர்றது யாரு, எங்க உக்காருது, போகும்போது உங்க மனசுலேர்ந்து எதை எடுத்துக்கினு போகுது, பார்க்க வேணாமா? எல்லாக் கதையும் பாவம்னு நான் சொல்லல. பார்த்து உள்ள விடுங்கன்றேன். இந்த நாப்பது நாள் சீரியல் வேணாம். சம்மதம்னா கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் எழும்பியது. கோகிலவாணியின் கையும் எழும்பியது. எழும்பாமல் என்ன செய்யும்? தூக்காத கை ஒன்று இருந்தால் அதுதான் எல்லார் கண்ணிலும் படும்.

மூன்று நாள் டிவியைத் துணி போட்டு மூடிவைத்தாள். நாலாவது நாள் ஏழே காலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சபீஹா அலறினாள்.

"அய்யய்யோ மிருதுளா! க்கா! லாரி அட்ச்சிடுச்சிக்கா!"

கோகிலவாணி கையிலிருந்த புடவையை வீசிவிட்டு ஓடிப்போய்த் துணியை இழுத்து டிவியைப் போட்டாள். மிருதுளா ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை கோகிலவாணிக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மெர்வினம்மா வழக்கம்போல, "கோகிலா சிஸ்டருக்கு ஸ்தோத்திரம்தானே?" என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனாள். அப்போதுதான் இவள் வாயில் அது வந்தது.

"மிருதுளான்னு ஒரு பொண்ணு. ஆக்சிடெண்ட் ஆயிடுச்சி. நெனவே இல்ல. பாத்துக்க ஒரு நாதியில்ல."

பேனா நின்றது. பிறகு எழுதியது. மிருதுளா. பதினைந்து பேரும் குரல் எடுத்து அந்தப் பேரைச் சொல்லி அழுது ஜெபித்தார்கள். கோகிலவாணியும் அழுதாள். ஒருத்தி இவள் முதுகைத் தடவிக்கொண்டே ஜெபித்தாள். சம்பத் போனபிறகு அந்த முதுகில் ஒரு கை பட்டது அன்றைக்குத்தான். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்தபிறகு உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டவளும் அவள்தானே? அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் என்ன! திங்கட்கிழமை போன் அடித்தது. மெர்வினம்மா.

"சிஸ்டர், மிருதுளா எப்படி இருக்கா?"

"இன்னும் கண்ணு தெறக்கல சிஸ்டர்."

"உங்களுக்கு என்ன உறவு?"

"பொண்ணு மாதிரி."

புதன்கிழமை ஒருத்தி டப்பாவில் உப்புமா கொண்டுவந்து, உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். சபையில் இவளுக்குப் பாயில் நடு இடம் கிடைத்தது. மூன்று வாரம். மூன்று வெள்ளிக்கிழமையும் அந்தப் பெண்கள் மிருதுளாவுக்கென்று பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கிடந்தார்கள். யார் என்ன கேட்டாலும் இவளிடம் பதில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் டிவியில்தான் பார்த்திருப்பாளே. பதில் சொல்லச் சொல்ல உள்ளே ஒரு முள் நகர்ந்துகொண்டே இருந்தது. சொன்னால் இந்தப் போனும் உப்புமாவும் போய்விடும். சொல்லாவிட்டால்? அதை அவள் யோசிக்க விரும்பவில்லை.

நாலாவது வாரம் மெர்வினம்மா, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

"குரோம்பேட்டைப் பக்கம்…"

"ரயில்வே லைன் தாண்டி ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கே, அதுவா?"

"ஆ… ஆமா."

"எந்த வார்டு?"

"பொம்பள வார்டு. ஜன்னலோரக் கட்டிலு."

போகமாட்டார்கள் என்று நினைத்தாள். வெயில் அப்படி அடிக்கிற காலம். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெர்வினம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க இவள் வாசலில் வந்து நின்றார்கள். தீர்ந்தது, மாட்டிக்கொண்டோம் என்று கோகிலவாணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரைஸ் த லார்ட் சிஸ்டர்! பார்த்துட்டோம்!" என்றாள் மெர்வினம்மா. முகம் விளக்கு வைத்த மாதிரி இருந்தது.

"யாரை?"

"நல்லா கேட்டீங்க! மிருதுளாவைத்தான். ஜன்னலோரம், நீங்க சொன்ன அதே கட்டில். பாவம், எப்படி வாடிப்போயிட்டா, வயசே தெரியல. தாம்பரம் ஸ்டேஷன் படியில விழுந்து கெடந்தாளாமே, யாரோ கொண்டாந்து சேர்த்தாங்களாம். பேர்கூட தெரியாம வெச்சிருந்தாங்க. நாங்கதான் சொன்னோம். அட்டையில எழுதிட்டாங்க."

"அவ…"

"கண்ணைத் தெறந்தா சிஸ்டர்! மிருதுளான்னு கூப்ட்டேன், திரும்பிப் பார்த்தா! அவ தலைய மடியில வெச்சுக் கஞ்சி குடுத்தேன். உங்க ஜெபத்துக்குப் பலன்!"

மூன்று பேரும் இவளைக் கட்டிக்கொண்டார்கள். கோகிலவாணி மரம்போல நின்றாள்.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்துக் குரோம்பேட்டைக்குப் போனாள். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறரை. பெண்கள் வார்டின் கடைசியில் ஜன்னல், அதன் கீழே கட்டில், தலைமாட்டில் ஒரு அட்டை. அச்சில் வார்த்த மாதிரி அழகாக யாரோ எழுதியிருந்தார்கள்: மிருதுளா.

கட்டிலில் இருந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு பக்கத் தலையை மழித்துத் தையல் போட்டிருந்தது. உதடு வெடித்து, கோழை காய்ந்திருந்தது. குதிகால் பாளம் பாளமாக வெடித்துக் கறுத்துக் கிடந்தது. மூத்திர வாடை. கண் திறந்துதான் இருந்தது, எதையும் பார்க்கவில்லை. யார் பேசினாலும் சத்தம் வருகிற பக்கம் திரும்பினாள், அவ்வளவுதான். டிவியில் கிடந்தவளுக்கு நினைவில்லாவிட்டாலும் கண்ணில் மை இருந்தது, பூ வாடவில்லை.

கோகிலவாணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கையைப் பிடிக்கலாம் என்று பார்த்தாள். அந்தக் கையின் நகத்தில் இருந்த அழுக்கைப் பார்த்துத் தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் குடம் குடமாக அழுத கண், உயிரோடு ஒருத்தி கிடக்கும்போது வறண்டு கிடந்தது. அப்போது ஒன்று செய்தாள் பாருங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து. இப்போது கிளம்பினால் ஏழு மணிக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம், மிருதுளா கண் திறந்தாளா என்று பார்க்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

கணக்குப் போட்ட மனசைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. ஆரோன் நாற்பது நாள் கத்தியிருந்தாலும் அந்தப் பயம் வந்திருக்காது.

நர்ஸ் பெண் ஒருத்தி வந்தாள். சின்ன வயசு. "ஆன்ட்டி, நீங்கதான் மிருதுளாவோட சொந்தமா?"

"இவ மிருதுளா இல்லம்மா."

"நேத்து வந்தவங்க சொன்னாங்களே?"

"அவங்கமேல தப்பில்ல. நான் சொன்னத நம்பிட்டாங்க. இவ பேரு எனக்குத் தெரியாது."

"அப்ப மிருதுளா யாரு?"

கோகிலவாணி சேலைத் தலைப்பைத் திருகினாள். "அது… டிவில."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. எக்கி நின்று அட்டையைக் கழற்றினாள். "நல்லவேளை இன்னிக்குச் சொன்னீங்க. நாளைக்குப் போலீஸ்ல இந்தப் பேர குடுக்கறதா இருந்தோம். இவங்க வூட்ல யாராவது தேடிக்கினு இருந்தா, வேற பேர்லதான தேடுவாங்க? கெடச்சிருக்கவே மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை வந்தது. கோகிலவாணி போகாமல் இருந்திருக்கலாம்; முட்டி வலி என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? போனாள். நடு இடத்தில் உட்காரவில்லை. முறை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். சீரியல், தூக்கின கை, லாரி, ஜன்னல், எதையும் விடவில்லை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மெர்வினம்மா நோட்டை மூடினாள். "மூணு வெள்ளிக்கிழமை சிஸ்டர். மூணு வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்தோம். எம் மகன் வேல இல்லாம ரெண்டு வருஷமா வூட்ல உக்காந்துகினு கீறான், அவனுக்குக்கூட நான் அப்படி அழுததில்ல."

"தெரியும் சிஸ்டர்."

"இன்னா தெரியும் உங்களுக்கு? எவளோ ஒருத்தி தலைய மடியில வெச்சுக்கினு மிருதுளா, மிருதுளான்னு கூப்ட்டேன். நெனச்சா ஒடம்பு கூசுது."

கோகிலவாணி எழுந்து படியிறங்கினாள்.

ஆரோன் கீழே பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது.

"கையத் தூக்கினீங்களே சிஸ்டர்."

"தூக்கினேன் பாஸ்டர். அது என் தப்புதான்." கொஞ்சம் நின்றாள். பிடிவாதம் சும்மா விடுமா? "ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க சொன்ன அந்த ஓடிப்போன பையனும் இல்லாதவன்தான? அவனுக்கு நான் அழலாமா? மிருதுளாவுக்கு மட்டும் அழக்கூடாதா?"

ஆரோன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அவனுக்கு அழுதீங்களே சிஸ்டர், அழுதுட்டு எங்க போனீங்க?"

"எங்க போறது? வூட்டுக்குத்தான்."

"ஓடிப்போன பிள்ளையோட அம்மா யாரையாவது போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்ப என் கதையும் வீண்தான்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. முகம் சுருங்கித்தான் இருந்தது. "மெர்வினம்மா மனசு ஆற நாளாகும். நீங்க வர்றத மட்டும் நிறுத்தாதீங்க."

நிறுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் போனாள். முறை வந்தபோது, "பேர் தெரியாத ஒரு அம்மா, ஜன்னலோரக் கட்டிலு. நீங்க கஞ்சி குடுத்தவங்க" என்றாள். மெர்வினம்மா எழுதவும் இல்லை, தலை நிமிரவும் இல்லை. "அடுத்தவங்க சொல்லுங்க" என்றாள். போன் அடிப்பது நின்றுபோனது. உப்புமா டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது வாங்கினவள் முகத்தைப் பார்க்கவில்லை. சபையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வேறு யாரும் போனதாகவும் தெரியவில்லை.

கோகிலவாணி போனாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாசம் பொங்கிப் போனாள் என்று சொன்னால் அது இன்னொரு கட்டுக்கதை ஆகிவிடும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்தாள். தப்பான பேரை ஒட்டினவள் சரியான பேரைத் தேடித் தரவேண்டும் என்று ஒரு வீம்பு. போகும்போது வழியில் பேர்களை யோசித்துக்கொண்டே போவாள். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவாள்.

"வள்ளியம்மாவா? சகுந்தலாவா? ருக்குமணியா? மரியம்மாளா? பாத்திமாவா?"

அவள் எல்லாப் பேருக்கும் ஒரே மாதிரி திரும்புவாள். எந்தப் பேருக்கும் கண் மலரவில்லை. பேர் தீர்ந்துபோனால் தலையைத் துடைத்துவிட்டு, நகத்தை வெட்டிவிட்டு வருவாள்.

சீரியலை விட்டாளா என்று கேட்பீர்கள். விடவில்லை. ஆனால் ஆறரைக்குக் கிளம்பினால் ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் வீடு வந்துசேர ஏழே கால் ஆகிவிடும், பாதி போயிருக்கும். ஒருநாள் பூட்டைத் திறக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் சபீஹா கத்தினாள்.

"க்கா! மிருதுளா முழிச்சிக்கினா!"

"சரி."

"இன்னாக்கா சரின்ற? சந்தோசமில்லியா?"

"சந்தோசந்தான். அவள எழுப்பறதுக்கு எழுதறவங்க கீறாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஊசியில் நூல் கோத்தாள். டிவியைப் போடவில்லை. கோபத்தில் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். மறுநாள் போட்டாள். அப்படியும் இப்படியுமாகத்தான் போயிற்று. ஒரே நாளில் திருந்திவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆறாவது வாரம். மழை வரும்போல இருந்த ஒரு சாயங்காலம். போலீஸிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. தேடி யாரும் வரவில்லை. அன்றைக்குச் சொல்லப் புதுப் பேர் ஒன்றும் தோன்றவில்லை கோகிலவாணிக்கு. பேசாமல் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்தவள் சத்தம் வராமலேயே தலையைத் திருப்பினாள். கண் நேராக இவள் முகத்தில் வந்து நின்றது. உதடு இரண்டு மூன்று தரம் அசைந்து, கடைசியில் குரல் வந்தது.

"நீ… யாரு?"

மூன்று வாரம் ஊருக்கெல்லாம் பதில் சொன்னவள் கோகிலவாணி. சொந்தமா, பொண்ணு மாதிரியா, எந்த வார்டு, எப்படி இருக்கிறாள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவள். ஏதாவது ஒரு உறவைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது.

"ஒருத்தருமில்ல," என்றாள். "சும்மாதான் வந்தேன்."

அந்த அம்மாள் வாயைத் திறந்தாள். கோகிலவாணி ஸ்பூனை ஊதி, பக்குவம் பார்த்து, உள்ளே வைத்தாள்.